திருப்பி வைத்த வண்டி

ஜூலை 2, புதன்

புதிய கோப்பு ஒன்று மேசைக்கு வந்திருக்கிறது. பெயர் கொம்பையா. வயது பதினாறு, பதினொன்றாம் வகுப்பு. இருசக்கர வாகனத் திருட்டு. இளைஞர் நீதிக் குழுமம் அவனைத் தாயின் பொறுப்பில் பிணையில் விட்டிருக்கிறது. அடுத்த அமர்வுக்குள் நன்னடத்தை அலுவலர் என்ற முறையில் நான் அவனுடைய பின்னணியை விசாரித்து அறிக்கை கொடுக்க வேண்டும். வீடு, பள்ளி, தெரு, கூட்டாளிகள், போதைப் பழக்கம் உண்டா இல்லையா. எழுதி எழுதிக் கை பழகிப்போன வேலை.

ஆனால் இந்தக் கோப்பை இரண்டாம் முறையும் வாசித்தேன். பையன் பிடிபட்டது வண்டியை எடுக்கும்போது இல்லை. முதல் நாள் எடுத்துப்போன வண்டியை அதே இடத்தில் திருப்பி நிறுத்த வந்தபோது.

காலையில் தண்ணீர் மோட்டார் ஓடவில்லை. என் கணவர் செல்வின் அலுவலகத்துக்கு விடுப்புப் போட்டுவிட்டு மெக்கானிக்குக்காகக் காத்திருந்தார். சாயங்காலம் வரை அந்த ஆள் வரவில்லை.

ஜூலை 4, வெள்ளி

கொம்பையா அம்மாவுடன் வந்தான். அம்மா பெயர் செல்லக்கிளி, பீடி சுற்றுகிறாள். அப்பா லாரியில் வடக்கே போனால் எப்போது வருவார் என்று சொல்ல முடியாதாம். பையன் ஒல்லி. சட்டை இஸ்திரி போட்டிருந்தது. நாற்காலியைக் காட்டியதும் முதலில் அம்மாவை உட்காரச் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்தான்.

"திருடுறது தப்பா, தப்பில்லையா?" என்று ஆரம்பித்தேன். இந்தக் கேள்விக்குப் பையன்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள். இவன் நேராகப் பார்த்தான்.

"தப்பு மேடம்."

"அப்போ நீ செஞ்சது?"

"நான் திருடல மேடம். எடுத்தேன். ஓட்டினேன். திருப்பி வச்சுட்டேன்லா."

"ஒரே ஒரு வண்டிதானா?"

"இல்ல. எட்டு."

போலீஸ் கோப்பில் ஒன்றுதான் இருக்கிறது. செல்லக்கிளி அவன் தொடையில் கிள்ளுவதைப் பார்த்தேன். அவன் காலை நகர்த்திக்கொண்டான்.

"கேக்காத கணக்கை எதுக்குடா சொல்லுதே?" என்றாள் மெதுவாக. பிறகு என்னிடம், "இவன் பொய் சொல்ல மாட்டான் மேடம். சின்னதுலேருந்தே அப்படித்தான். அதுதான் இவன்ட்ட உள்ள கஷ்டமே" என்றாள்.

ஸ்டேஷனிலும் எட்டு என்றுதான் சொன்னானாம். புகார் வராத வண்டிகளைப் பற்றி யாரும் எழுதிக்கொள்ளவில்லை. வண்டியின் பெட்டிகளில் இருந்த எதையும் அவன் தொட்டதில்லை. சங்கிலி தளர்ந்திருந்தால் இறுக்கி வைத்திருக்கிறான். ஒரு வண்டிக்குத் தன் கைக்காசில் பெட்ரோலும் போட்டிருக்கிறான். அதைச் சொல்லும்போது முகத்தில் லேசான பெருமை.

இந்தப் பையனை எந்தத் தட்டில் வைப்பது? தெரியவில்லை. தெரியாமல் இருப்பது இன்று எனக்குப் பிடித்திருந்தது.

ஜூலை 7, திங்கள்

அவன் பள்ளிக்குப் போனேன். வகுப்பாசிரியர் அருள்தாஸ் முதலில் நம்பவே இல்லை. தேர்வுத்தாளில் மதிப்பெண் கூடுதலாக விழுந்திருக்கிறது என்று தானே கொண்டுவந்து காட்டியவனாம். வகுப்பில் ஒருவன் கண்பார்வை குறைந்த பையனின் கண்ணாடியை ஒளித்து வைத்து விளையாடியபோது, அந்த ஒருவனின் பையைத் தூக்கிக் கழிவுநீர்த் தொட்டிக்குள் போட்டிருக்கிறான்.

"ஏன்டா போட்டேன்னு கேட்டேன் மேடம். 'அவனுக்குத் தெரியட்டும் சார்'னான். சாரி சொல்லுன்னா, 'சாரி சொன்னா பொய்யாகிரும் சார்'ங்கான். நான் என்ன செய்ய?"

"நண்பர்கள்?"

"பயப்படுவாங்க. மரியாதைன்னும் சொல்லலாம். பக்கத்துல உக்கார மாட்டாங்க."

ஒழுக்கம் குறைந்த பிள்ளைகள்தான் வம்பில் மாட்டுவார்கள் என்று பயிற்சியில் படித்தோம். இவனுக்கு ஒழுக்கம் நம்மைவிட ஒரு கைப்பிடி அதிகமாகவே இருக்கிறது. அப்புறம் எப்படி?

மோட்டார் சரியாகிவிட்டது. மகள் பெர்சியின் சீருடைப் பாவாடையை மறுபடியும் இறக்கித் தைக்கக் கொடுத்தேன். ஒன்பதாம் வகுப்பு முடிவதற்குள் என்னைத் தாண்டிவிடுவாள்.

ஜூலை 9, புதன்

இன்று அவனைத் தனியாக வைத்துப் பேசினேன். எந்த வண்டியை எடுப்பது என்று எப்படி முடிவு செய்வாய் என்று கேட்டேன். இதை யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

பிள்ளை உட்காரும் முன்சீட்டு உள்ள வண்டியைத் தொட மாட்டான். பால் கேன் தொங்கும் வண்டி, மருந்துப் பை மாட்டிய வண்டி, சாப்பாட்டுத் தூக்கு உள்ள வண்டி, எதுவும் கூடாது. "அவங்களுக்கு அவசரம் இருக்கும்லா மேடம்."

"அப்போ யாரோட வண்டி?"

"தப்பு செய்தவங்க வண்டி."

ஒவ்வொன்றாகச் சொன்னான். சக்கர நாற்காலி ஏறுவதற்கென்று ஆஸ்பத்திரியில் கட்டிய சரிவில் வண்டியை நிறுத்திவிட்டுப் போனவன். டவுன் பஸ் கண்டக்டரைச் சாதி சொல்லித் திட்டியவன். தெருநாயை வேண்டுமென்றே சக்கரத்தால் இடித்துவிட்டுச் சிரித்தவன். அவர்களைப் பார்த்து வைத்துக்கொள்வான். பிறகு ஒருநாள் எடுப்பான். பாபநாசம் வரை ஓட்டிக்கொண்டு போய் அணைக்கட்டுப் பக்கம் உட்கார்ந்திருந்துவிட்டு வருவான்.

"ஒரு நாளாவது நடக்கட்டும்னுதான்."

"ஓட்டுறதுக்கு ஆசையா, தண்டனை கொடுக்குறதுக்கு ஆசையா?"

"ரெண்டும் மேடம். ஆசை முதல்ல வரும். ஆனா ஆள் சரியா இருந்தாத்தான் எடுப்பேன்."

ஆசைக்கு ஒரு நீதிபதியைக் காவல் வைத்திருக்கிறான். அந்த நீதிபதிக்கு மேல்முறையீடு கிடையாது.

ரயிலடிக்கு எதிரே உள்ள தனியார் வண்டி ஸ்டாண்டில் எடுத்த வண்டியைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் அவன் குரல் மாறியது. அங்கே டோக்கன் கொடுக்கும் அம்மாவிடம் ஒரு இளைஞன், வண்டி எடுக்க நேரமாகிறது என்று கத்திவிட்டு டோக்கனை அவள் முகத்தில் எறிந்தானாம். தகடு அவள் கன்னத்தில் பட்டதாம். அவள் குனிந்து எடுத்து, துடைத்து, ஆணியில் மாட்டினாளாம்.

"அந்தம்மா ஒண்ணுமே சொல்லல மேடம். அதைத்தான் தாங்க முடியல. மூணாம் நாள் அவன் வண்டி மறுபடி நின்னுச்சு. ரயில் வந்து கூட்டமா இருக்கும்போது தள்ளிட்டு வந்துட்டேன். மறுநாள் விடியுமுன்ன அதே வரிசையில வச்சுட்டேன்."

அறிக்கையில் இந்தச் சம்பவத்தைக் கட்டாயம் எழுத வேண்டும். அந்தம்மாவைப் பார்த்து இரண்டு வார்த்தை வாங்கிச் சேர்த்தால் இன்னும் நன்றாக அமையும்.

ஜூலை 12, சனி

வீடு ஒட்டடை அடித்தோம். சாப்பிடும்போது பெயர் சொல்லாமல் விஷயத்தை மட்டும் பெர்சியிடம் சொன்னேன். அவளும் கிட்டத்தட்ட அதே வயதுதானே, என்ன நினைக்கிறாள் என்று பார்க்க ஆசை.

"அவனுக்கு யாரு அந்த வேலையக் குடுத்தா?" என்றாள் அப்பளத்தை உடைத்துக்கொண்டே.

"எந்த வேலைய?"

"யார் நல்லவங்க, யார் கெட்டவங்கன்னு பாத்து வைக்கிற வேலைய."

செல்வின் சிரித்தார். நான், அவன் யாருக்கும் கெடுதல் செய்யவில்லையே, ஒருவகையில் பார்த்தால் என்று என்னென்னவோ விளக்கினேன்.

பெர்சி என்னையே பார்த்தாள். "அம்மா, உனக்கு அவன் நல்லவனா இருக்கணும். அதான் இவ்வளவு பேசுதே."

எழுந்து போய் மோர் எடுத்து வந்தேன்.

ஜூலை 14, திங்கள்

வண்டிக்காரர்களில் ஒருவரைப் பார்த்தேன். கண்டக்டரைத் திட்டியவர். ஜவுளிக் கடையில் மேலாளர். ஒரு நாள் வண்டி காணாமல் போனது அவருக்கு நினைவிருக்கிறது. மச்சினன்தான் சொல்லாமல் எடுத்துப்போய்விட்டான் என்று நினைத்து ஒரு மாதம் அவனுடன் பேசாமல் இருந்தாராம். கண்டக்டரைத் திட்டியது நினைவில்லை. "அப்படியா, நானா?" என்றார் உண்மையான ஆச்சரியத்துடன்.

அவன் கொடுத்த தண்டனை போய்ச் சேர்ந்த இடம் மச்சினன். இதைக் கேட்டுவிட்டு வெளியே வந்து சிரித்தேன்.

ஜூலை 16, புதன்

ரயிலடி ஸ்டாண்டுக்குப் போனேன். டோக்கன் கொடுக்கும் இடத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். அந்தம்மா எங்கே என்றேன்.

"பேச்சியம்மாளா? அவ போய்ட்டாளே. வண்டியத் திருடினாள்லா."

சரியாகக் காதில் விழவில்லை என்று நினைத்து மறுபடி கேட்டேன். குத்தகைக்காரர் உள்ளேயிருந்து வந்தார். நான் யார் என்று சொன்னதும் மரியாதையாகவே பேசினார். பங்குனி மாதம் ஒரு பையனின் புது வண்டி காணாமல் போனது. அவன் பெரிய ரகளை செய்தான். அவனுக்கும் பேச்சியம்மாளுக்கும் இரண்டு மூன்று நாள் முன்புதான் ஏதோ வாய்த்தகராறு. ஆகவே அந்தக் கோபத்தில் ஆள் வைத்து எடுத்துவிட்டாள் என்று எல்லோரும் சொன்னார்கள். போலீஸ் வந்து அவளைக் கூட்டிப்போய் இருட்டும்வரை உட்கார வைத்தது.

"நான்கூட முதல்ல நம்பல மேடம். ஆனா மறுநாள் காலையில வந்து பாத்தா வண்டி அதே எடத்துல நிக்கி. வேற எவனும் எடுத்திருந்தா கொண்டாந்து வைப்பானா? போலீஸ்னதும் பயந்துட்டா. வண்டி வந்துட்டதால கேஸ் வேண்டாம்னுட்டாங்க. நானும் பெருசு பண்ணல. கணக்கை முடிச்சு அனுப்பிட்டேன்."

கொம்பையா வண்டியைத் திருப்பி வைக்காமலே இருந்திருந்தால், ஒருவேளை அவளை விட்டிருப்பார்கள்.

ஜூலை 18, வெள்ளி

பேச்சியம்மாள் ஆற்றுக்கு அந்தப் பக்கம் தங்கை வீட்டில் இருக்கிறாள். முகவரி தேடி அலைந்து போய்ச் சேர்ந்தேன். ஐம்பது வயது இருக்கும். முற்றத்தில் தங்கையின் துணிகளை அலசிக்கொண்டிருந்தாள். எந்த ஆபீஸ் என்று கேட்டுவிட்டு, கையைத் துடைத்து, ஸ்டூல் எடுத்துப் போட்டாள்.

"யாரும் கை வைக்கல. பொய் சொல்லக்கூடாது. உக்காருன்னாங்க, உக்காந்திருந்தேன். ஆனா ரயிலடியில எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்கும்போதுதானே ஜீப்புல ஏத்தினாங்க."

மகன் ஒருவன். சுடலைமணி. பார்சல் கம்பெனியில் வேலை பார்த்துக்கொண்டே காவலர் தேர்வுக்குப் படிக்கிறான். அவனோடுதான் இருந்தாள். இவள் பெயர் ஸ்டேஷன் வரை போனதால் காவலர் வேலை கிடைக்க இடைஞ்சல் வரும் என்று அவனுக்குப் பயம்.

"அதுகூடப் பரவால்ல. பயம் யாருக்குத்தான் இல்ல. அன்னைக்கு வீட்டுக்கு வந்தேன். சோறு போட்டு வச்சிருந்தான். நான் சாப்பிட உக்காந்தேன். எதுக்கும்மா எடுத்தேன்னு கேட்டான்." முந்தானையில் மறுபடி கையைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "எடுத்தியான்னு கேக்கல பாருங்க. எதுக்கு எடுத்தேன்னான்."

நான் எதற்கு வந்தேன் என்று அவள் இரண்டு முறை கேட்டாள். ஒரு விசாரணை என்று மட்டும் சொன்னேன். வண்டியை எடுத்தது யார் என்று எனக்குத் தெரியும் என்பதைச் சொல்லவில்லை. அறிக்கை முடியுமுன் வெளியில் சொல்வது முறை இல்லை.

ஜூலை 19, சனி

இட்லிக்கு அரைத்தேன். வேறொன்றும் இல்லை.

ஜூலை 21, திங்கள்

அலுவலகத் தலைவர் கந்தையா சாரிடம் சொன்னேன். அவர் நல்ல மனிதர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுச் சொன்னார்:

"கோப்புல உள்ளது ஒரு வண்டி. நீங்க அதுக்குத்தான் அறிக்கை குடுக்கிய. பையன் நல்லவன், படிக்கான், எச்சரிச்சு அனுப்பிருவாங்க. இந்தக் கதைய உள்ள கொண்டுவந்தா குழுமத்துல வேற மாதிரி யோசிப்பாங்க. அந்தம்மா மேல வழக்கே இல்ல. எதுக்கு?"

நியாயம்தான். மதியம் அறிக்கையை எழுதி முடித்தேன். ரயிலடி வண்டி அதில் இல்லை. பையனின் எதிர்காலத்தை நினைத்துத்தான் இப்படி எழுதினேன். நான் எழுதியவற்றிலேயே நன்றாக அமைந்த அறிக்கை என்று சொல்லலாம். கொம்பையா அதில் பளிச்சென்று இருக்கிறான்.

இன்னும் கையெழுத்துப் போடவில்லை. பேனாவில் மை சரியாக இறங்கவில்லை.

ஜூலை 22, செவ்வாய்

பேனா நன்றாகத்தான் எழுதுகிறது.

ஜூலை 24, வியாழன்

கொம்பையாவை வரச் சொன்னேன். பேச்சியம்மாளுக்கு நடந்ததைச் சொன்னேன். எதையும் கூட்டவில்லை, குறைக்கவும் இல்லை. ஜீப், இருட்டும்வரை உட்கார வைத்தது, போன வேலை, மகன் கேட்ட கேள்வி. திருப்பி வைத்ததால்தான் சந்தேகம் உறுதியானது என்பதையும் சொன்னேன். சொல்லச் சொல்ல அவன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். என்ன செய்வான் என்று தெரிந்துகொள்ள எனக்கு அவ்வளவு ஆர்வம். இப்போது நினைத்தால் அது கொஞ்சம் கூசுகிறது.

அழுவான் என்று நினைத்தேன். அல்லது இப்போதே போய்ச் சொல்கிறேன் என்று எழுந்திருப்பான் என்று நினைத்தேன். அவன் மேசையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அந்த வண்டிய நான் எடுக்கல மேடம்."

"என்ன?"

"ரயிலடி வண்டிய நான் எடுக்கல. ஏழுதான் எடுத்தேன்."

"கொம்பையா, நீயேதான் சொன்னே. டோக்கன எறிஞ்சதை, கூட்டத்துல தள்ளிட்டு வந்ததை."

"பாத்தது உண்மை. எடுக்கல. சும்மா சொன்னேன்."

கண் இமைக்காமல் சொன்னான். பழக்கம் இல்லாததால் குரல் மட்டும் வழக்கத்தைவிட உரக்க வந்தது. பிறகு, "நான் போகட்டுமா மேடம்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டான்.

செல்லக்கிளி வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டே, "என்ன சொன்னீங்க அவன்ட்ட?" என்றாள். அவள் குரலில் கோபம் இருந்தது.

ஜூலை 25, வெள்ளி

தவறு எது என்று தெரிந்திருப்பது ஒன்று. நான் தவறு செய்துவிட்டேன் என்று தாங்கிக்கொள்வது வேறு ஒன்று. முதலாவது அவனிடம் நிறைய இருந்தது. இரண்டாவதற்கு இதுவரை அவனுக்கு வேலையே வந்ததில்லை. அடுத்தவர் தவறையே பார்த்துக்கொண்டிருந்தவனுக்கு எப்படி வரும்?

இதைச் செல்வினிடம் சொன்னேன். "அவனுக்கு மட்டுமா?" என்றார். அறிக்கையைக் கிழித்துவிட்டாயா என்றும் கேட்டார். கையெழுத்துப் போடாமல் பையில் வைத்துக்கொண்டு திரிவதை அவர் பார்த்திருக்கிறார்.

கிழிக்கவில்லை. பழைய வரிகளை அடித்துவிட்டு, பேச்சியம்மாளுக்கு நடந்ததையும் சேர்த்து எழுதிக்கொண்டிருக்கிறேன். அவன் முதலில் சொன்னதையும், பிறகு மறுத்ததையும்.

ஜூலை 28, திங்கள்

நான் அலுவலகம் போகும்போதே தாயும் மகனும் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். செல்லக்கிளியின் கண் வீங்கியிருந்தது.

"மூணு நாளா ஒழுங்காச் சாப்பிடல. நேத்து அந்த ரயிலடிப் பக்கம் போய் நின்னுட்டு வந்திருக்கான். எங்கிட்டயும் சொல்ல மாட்டேங்கான். உங்ககிட்டத்தான் சொல்லணுமாம்."

உள்ளே வந்ததும் நின்றபடியே சொன்னான். "எட்டு மேடம்."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"ஏன் இல்லன்னு சொன்னே?"

அவன் பதிலைத் தேடிக்கொண்டிருந்தான் என்று தோன்றவில்லை. பதில் இருந்தது. சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது.

"நான் எடுக்கலன்னா அந்தம்மாவுக்கு ஒண்ணும் ஆகியிருக்காதுல்லா. அப்படி இருந்துட்டாத் தேவலன்னு தோணுச்சு. அதைச் சொல்லும்போது பொய் சொல்லுற மாதிரியே இல்ல மேடம். வெளிய போனப்புறம்தான் தெரிஞ்சது."

செல்லக்கிளி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"அந்த டோக்கன எறிஞ்சவன் வண்டிய எடுத்தப்போ அந்தம்மாவுக்காகத்தான் எடுக்கேன்னு நெனச்சேன். அந்தம்மாட்ட ஒரு வார்த்த கேக்கவே இல்ல. அவங்க பேருகூட எனக்குத் தெரியாது. நீங்க சொல்லித்தான் தெரியும்."

அவர்கள் போனபின் அறிக்கையில் கையெழுத்துப் போட்டேன். பத்தாம் பக்கம் வரை போகிறது. முன்னே எழுதியதைவிட நிச்சயமாகச் சுமாரான அறிக்கை. எங்கும் ஒரு முடிவு இல்லை.

ஆகஸ்ட் 1, வெள்ளி

குழும அமர்வு. நீதித்துறை நடுவர் அம்மா முழுவதையும் வாசித்திருந்தார். கொம்பையாவிடம் நேரடியாகக் கேட்டார், அவன் நேரடியாகச் சொன்னான். ஒரு வருடம் என் கண்காணிப்பில் இருக்க வேண்டும், விடுமுறை நாள்களில் அரசு மருத்துவமனையில் நோயாளிகளின் சக்கர நாற்காலி தள்ளும் சேவை செய்ய வேண்டும் என்று உத்தரவு. கந்தையா சார் பயந்ததுபோல ஒன்றும் ஆகவில்லை.

பேச்சியம்மாளையும் வரச் சொல்லியிருந்தேன். அவளுக்கு என்ன செய்ய முடியும் என்று நடுவர் அம்மா கேட்டார். அங்கேதான் எல்லோரும் சற்றுத் திகைத்தோம். அவள் மீது புகார் பதிவாகவில்லை, வழக்கு இல்லை. பதியாத வழக்கை ரத்து செய்ய வழியில்லை. நீங்கள் குற்றமற்றவர் என்று எழுதித்தர யாருக்கும் அதிகாரம் இல்லை. நடந்ததை விளக்கி ஸ்டாண்டு குத்தகைக்காரருக்குத் தகவல் அனுப்பலாம் என்றார்.

"அனுப்புங்க. ஆனா நான் அங்க திரும்பிப் போகல," என்றாள் பேச்சியம்மாள். பிறகு முதல் முறையாகக் கொம்பையாவைத் திரும்பிப் பார்த்தாள். மேலிருந்து கீழ் வரை. இத்தனை நாளும் அவள் மனத்தில் ஒரு பெரிய திருடன் இருந்திருப்பான் போல.

"இவன் எம்மவன்ட்ட வந்து சொல்லணும். வேற எதுவும் எனக்கு வேண்டாம்."

கொம்பையா தலையாட்டினான்.

இரவு பெர்சி கேட்டாள், "கடைசியில அவன் நல்லவனா, இல்லையா?" தெரியவில்லை என்றேன். அவளுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது போலத் தோன்றியது.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

சர்ச்சில் ஆராதனை முடிந்ததும் நேராகக் கிளம்பினேன். புறவழிச்சாலைப் பக்கம் ஒரு மாடி வீட்டின் கீழ்த்தளத்தில் சுடலைமணியின் அறை. பேச்சியம்மாள் எங்களுக்கு முன்பே வந்து வாசலுக்கு வெளியே நின்றிருந்தாள். கொம்பையா தனியாக வந்தான். அம்மா வர வேண்டாம் என்று சொல்லிவிட்டானாம்.

சுடலைமணிக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். சுவரில் ஓட்டப் பயிற்சி அட்டவணை, தரையில் பொது அறிவுப் புத்தகங்கள். எங்களைப் பார்த்து எழுந்தான். நான் யார் என்று சொன்னேன். அதற்கு மேல் நான் பேசக் கூடாது என்று முன்கூட்டியே முடிவு செய்திருந்தேன்.

கொம்பையா சொன்னான். எங்கே நின்று பார்த்தான், எப்படி எடுத்தான், எங்கே கொண்டுபோனான், எப்போது கொண்டுவந்து வைத்தான். "உங்க அம்மாவுக்கு எதுவும் தெரியாது. நான் எடுத்தது அவங்களுக்குத் தெரியாது. வச்சதும் தெரியாது," என்று முடித்தான்.

சுடலைமணி அவன் சட்டையைப் பிடித்தான். கொம்பையா கையை உயர்த்தவில்லை. நான் ஒரு அடி முன்னே வந்தேன். ஆனால் சுடலைமணி அடிக்கவில்லை. பிடித்தபடியே அம்மாவைப் பார்த்தான்.

"நீ அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லாம்மா?"

பேச்சியம்மாள் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொன்னேன்," என்றாள்.

அவன் கை சட்டையிலிருந்து இறங்கியது. மேலே எங்கோ டிவியில் ஏதோ ஓடிக்கொண்டிருந்தது. சுடலைமணி தரையில் கிடந்த புத்தகத்தை எடுத்தான், மறுபடி கீழே வைத்தான்.

பேச்சியம்மாள் கொம்பையாவிடம், "வந்து சொன்னே. சரி. இனி நீ என் கண்ணுல படாத," என்றாள். கோபமாக இல்லை. ஒரு வேலை முடிந்த குரல். பிறகு பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள்.

சுடலைமணி வெளியே ஓடிவந்தான். தன் வண்டியைக் கிளப்பி அவள் பின்னாலேயே போனான். அவள் பக்கத்தில் மெதுவாக ஓட்டிக்கொண்டு, "எம்மா, ஏறு. எம்மா," என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். அவள் திரும்பவில்லை. நானும் கொம்பையாவும் சாலைக்கு இந்தப் பக்கமாக நடந்தோம். பஸ் வந்து நின்றது. பேச்சியம்மாள் ஏறிவிட்டாள். சுடலைமணி ஒரு கணம் பஸ்ஸைப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான். வண்டியை அப்படியே சாலையோரம் விட்டுவிட்டு, நகரத் தொடங்கிய பஸ்ஸில் ஓடிப்போய்த் தொற்றிக்கொண்டான்.

பஸ் கண்ணிலிருந்து மறைந்தது. வண்டி புளியமரத்தடியில் நின்றது. என்ஜின்கூட இன்னும் அணைக்கப்படவில்லை.

"மேடம், சாவி அதுலயே இருக்கு," என்றான் கொம்பையா.

"ஆமா."

அவன் சாலையைக் கடந்து போனான். நானும் போனேன். சாவியைத் திருப்பி என்ஜினை அணைத்தான். சாவியை எடுத்தான். தன் உள்ளங்கையில் இருந்த அதை ஒருமுறை பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினான். நான் வாங்கிக்கொண்டேன்.

"அவர் ஆத்துக்கு அந்தப் பக்கம் போய்த் திரும்பி வர நேரமாகும் மேடம். எடம் சரியில்ல. நான் நிக்கேன்."

"வெயிலா இருக்கே."

"நெழல் இருக்குல்லா."

நான் எவ்வளவு நேரம் கூட நிற்க முடியும் என்று யோசித்தேன். நிற்கவும் முடியும்தான். ஞாயிற்றுக்கிழமை, வீட்டில் செல்வின் சமையல். ஆனால் நான் அங்கே நின்றால் அது அவனைக் கண்காணிப்பதாகிவிடும் என்று பட்டது. சாவி என் கையில் வியர்வையோடு இருந்தது. அதை எடுத்துப்போனால் சுடலைமணி வந்து என்ன செய்வான்?

சாவியைக் கொம்பையாவிடமே திருப்பி நீட்டினேன்.

அவன் வாங்கிக்கொள்ள உடனே கை நீட்டவில்லை. "மேடம், அவர் வந்து என்னையப் பாத்தா..."

"பாக்கட்டும்," என்றேன். சாவியை வாங்கிக்கொண்டான்.

கொஞ்ச தூரம் நடந்தபின் திரும்பிப் பார்த்தேன். நம்பாமல் பார்த்தேனா, வெறும் ஆவலில் பார்த்தேனா, எனக்கே தெரியவில்லை. மரத்தடியில் நிழல் வண்டியின் மேல்தான் விழுந்திருந்தது. அவன் அதைத் தொட்டுவிடாத தூரத்தில், வெயிலில் தள்ளி நின்றுகொண்டிருந்தான்.